வெட்டிய புல் என்ன ஆக வேண்டும்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்கும் கடலோரச் சமவெளிக்கும் நடுவே மேடும் சரிவுமாகக் கிடக்கும் செம்மண் பரப்பைப் பீட்மான்ட் என்பார்கள். பருத்தியும் புகையிலையும் விளைந்த மண் அது. மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போக, பருத்தி விலையும் சரிய, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏராளமான வயல்கள் தரிசாகின. உழவு நின்ற வயலில் அடுத்தடுத்து என்ன முளைக்கிறது என்று தாவரவியலாளர்கள் பொறுமையாகக் கவனித்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஊஸ்டிங் 1942இலும், கேத்தரின் கீவர் 1950இலும் வெளியிட்ட ஆய்வுகளைச் சூழலியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அவர்கள் கண்ட வரிசை இது. முதல் ஆண்டு ஹார்ஸ்வீட் என்னும் களை ஆளுயரம் வளர்கிறது. இரண்டாம் ஆண்டு ஆஸ்டர் பூக்கிறது. மூன்றாம் ஆண்டு புரூம்செட்ஜ் என்ற முரட்டுப் புல் கொத்துக்கொத்தாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கொத்துகளுக்கு இடையிலேயே பைன் கன்றுகள் தலைகாட்டுகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை கிளை கோத்துத் தோப்பாகிவிடும். தோப்பின் நிழலில் ஓக், ஹிக்கரி மரங்கள் முளைத்து, காலப்போக்கில் பைன்களின் இடத்தைப் பிடிக்கும்.

அந்தப் பகுதியில் பத்து ஏக்கர் வாங்கி வீடு கட்டிக் குடியேறுகிறவருக்கு, டிராக்டரில் மாட்டும் புல்வெட்டி என்பது இந்த வரிசையை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் கருவி. எங்கே நிறுத்துவது என்பது அவர் விருப்பம். வீட்டைச் சுற்றி விரல் உயரப் புல்தரையா, குதிரைக்கு மேய்ச்சலா, குளிர்காலத் தீவனத்துக்கு உலர்புல் வயலா, ஆண்டுக்கு ஒருமுறை புதரை அடக்கினால் போதும் என்ற வேலியோரமா? கடைக்குப் போனால் ஐந்தாறு வகை இணைப்புகள் வரிசையாக நிற்கும். டிராக்டர் எத்தனை எச்.பி., எவ்வளவு அகலம் வேண்டும் என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெட்டிய பிறகு அந்தப் புல் என்ன ஆக வேண்டும்? எந்த இயந்திரம், எவ்வளவு எச்.பி., எத்தனை கிலோ எடை என்பதெல்லாம் இந்தக் கேள்வியின் பதிலிலிருந்தே பிறக்கின்றன.

வெட்டுப்பட்டும் வளரும் செடி

ஆடு மேய்ந்தாலும் அரிவாள் பட்டாலும் புல் மறுபடி வளர்ந்துவிடுகிறது. ஹார்ஸ்வீட் போன்ற களைகள் தலை போனால் தடுமாறுகின்றன. வளர்ச்சித் திசு எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். பெரும்பாலான செடிகளில் புதுச் செல்கள் உருவாகும் வளர்முனை உச்சியில் இருக்கிறது. உச்சி போனால், கீழே உறங்கும் மொட்டுகள் விழித்துக் கிளை விட்டாக வேண்டும். கதிர் தள்ளும் பருவம் வரும்வரை புல்லின் வளர்முனை தரையை ஒட்டி, இலையுறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. இலையும் அடியிலிருந்தே நீள்கிறது. நுனியை எடுத்துவிட்டால் இழப்பு இலைக்குத்தான், ஆலைக்கு அல்ல. அடிக்கடி வெட்டப்படும் நிலத்தில் புற்கள் ஜெயிப்பதும் மற்றவை தோற்பதும் இதனால்தான்.

மரக்கன்றுகளின் கதை இனத்துக்கு இனம் மாறும். பீட்மான்ட் தரிசுகளில் தானே முளைக்கும் கிழக்குச் செஞ்சீடரைக் கடைசிக் கிளைக்குக் கீழே வெட்டினால் அது மறுபடி துளிர்ப்பதில்லை. ஒரே வெட்டில் கணக்கு முடிந்தது. அதே நிலத்தில் முளைக்கும் ஸ்வீட்கம் மரமோ அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் கொத்தாகத் துளிர்க்கும். எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமானாலும், அதை வெட்டிக் கொல்ல முடியாது. திரும்பத் திரும்ப வெட்டிக் குள்ளமாக வைத்திருக்கலாம். நிலத்தில் எது முளைக்கிறது என்று தெரிந்தால், ஆண்டுக்கு எத்தனை முறை டிராக்டரை எடுக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

மேய்ச்சல் நிலத்தில் வேறொரு கணக்கும் உண்டு. அங்கே பரவலாக இருக்கும் புல் கென்டக்கி 31 என்னும் ஃபெஸ்கியூ வகை. 1931இல் கென்டக்கியில் ஒரு மலைச்சரிவில் கண்டறியப்பட்டு, 1943இல் விவசாயிகளுக்கு வந்தது. வறட்சியையும் மிதிபாட்டையும் அது தாங்குவதற்கு அதன் உடலுக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் காரணம். அந்தப் பூஞ்சை எர்கோவலைன் என்னும் நச்சை உண்டாக்குகிறது. சினையாக இருக்கும் குதிரைகளுக்கு அது ஆபத்து. நச்சு மிகுதியாகச் சேர்வது விதைக்கதிரில். கதிர் முற்றும் முன் மேலாகத் தலையைத் தட்டிவிட்டால் மேய்ச்சல் ஓரளவு பாதுகாப்பாகும். இந்த வேலைக்கு மழுங்கச் சிரைக்கும் இயந்திரம் தேவையில்லை. பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் தண்டை முறித்துப் போட்டாலே போதும்.

பிடித்து அறுப்பதும் வீசி வெட்டுவதும்

எல்லாப் புல்வெட்டிகளும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. நெல் அறுக்கிறவர் இடது கையால் தாளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் கதிர் அரிவாளை மெதுவாக இழுப்பார். தாள் நழுவாமல் இடது கை தாங்கிக்கொள்வதால் அரிவாளுக்கு வேகம் வேண்டியதில்லை. வேலியோரத்து முள்ளைக் கழிக்கிறவருக்கு அப்படிப் பிடிக்க வழியில்லை. ஓங்கி வீசுகிறார். முள் வளைந்து ஒதுங்குவதற்குள் கத்தி அதைக் கடந்துவிட வேண்டும். முதல் முறையில் தாங்கல், இரண்டாவதில் வேகம்.

சிக்கிள் பார் என்னும் பழைய இயந்திரம் முதல் முறையைச் சேர்ந்தது. முக்கோணக் கத்திகள் பதித்த நீண்ட பட்டை, நிலையாக நிற்கும் இரும்பு விரல்களுக்கு இடையே இடமும் வலமும் ஓடும். இடது கையின் வேலையை விரல்கள் செய்கின்றன. 1831இல் வர்ஜீனியாவில் சைரஸ் மெக்கார்மிக் ஓட்டிக் காட்டிய கதிர் அறுவடை இயந்திரமும், 1833இல் ஓபெட் ஹஸ்ஸி காப்புரிமை பெற்ற இயந்திரமும் இந்த வழியில் வந்தவை. கத்தியின் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான். குதிரைகள் இழுத்து, நிலத்தில் உருளும் சக்கரமே கத்தியை ஓட்டிய காலத்துக்கு அது போதும்.

ரோட்டரி கட்டர், டிஸ்க் மோவர், ஃபினிஷ் மோவர், ஃப்ளெயில் மோவர் எல்லாம் இரண்டாவது முறை. தாங்கல் கிடையாது. புல்லின் சொந்த எடையும், அது நகரத் தயங்கும் நிலைமமும், மண்ணில் ஊன்றிய வேருமே தாங்கல். ஐந்தடி அகல ரோட்டரி கட்டரை எடுத்துக்கொள்வோம். டிராக்டர் என்ஜினின் சக்தியை இணைப்புக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. கட்டரின் கியர் பாக்ஸ் அதை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கி 794 சுற்றுகள் தருகிறது என்று கொண்டால், மையத்திலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கத்தி நுனி நொடிக்கு 62 மீட்டர், அதாவது மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல், ஓடுகிறது. மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள தாளை அது கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. வளைந்து ஒதுங்கப் புல்லுக்கு அவகாசமே இல்லை.

வேகம் குறைந்தால் இந்த உறவு உடைகிறது. அடர்ந்த புல்லில் என்ஜின் திணறிச் சுற்று இறங்கும்போது, கத்தி வெட்டாமல் புல்லைச் சாய்த்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அப்போது கியரைக் குறைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். என்ஜின் சுற்றைக் குறைக்கக் கூடாது.

ஒரே புல், மூன்று விலை

தாங்கலுக்குப் பதிலாக வேகத்தைக் கொடுத்தால் அதற்கு விலை உண்டு. அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கத்தின் பொறியியல் தரவுகளில், ஒரு மீட்டர் அகலம் வெட்ட சிக்கிள் பாருக்கு 1.2 கிலோவாட், டிஸ்க் மோவருக்கு 5 கிலோவாட், ஃப்ளெயிலுக்கு 10 கிலோவாட் என்று கணக்கிடுகிறார்கள். முதலாவதைப்போல் நான்கு மடங்கும் எட்டு மடங்கும். வெட்டப்படுவது அதே புல்தான்.

மீதி ஆற்றல் எங்கே போகிறது? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் அகலத்தில், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 2.5 சதுர மீட்டர் நிலம் வெட்டுப்படும். ஒரு சதுர மீட்டரில் 2 கிலோ பச்சைப் புல் நிற்பதாகக் கொண்டால், நொடிக்கு 5 கிலோ. இந்த ஐந்து கிலோவும் கத்தி அடித்து நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வீசப்பட்டால், அதற்கு மட்டும் 9 கிலோவாட், அதாவது 12 எச்.பி., வேண்டும். எல்லாப் புல்லும் முழு வேகம் பெறுவதில்லை என்றாலும், செலவின் பெரும்பகுதி வெட்டுவதற்கு அல்ல, வீசுவதற்கு என்பது விளங்கிவிடும். காற்றைக் கலக்குவதும், புல்லைத் துண்டு துண்டாக்குவதும் மீதியை வாங்கிக்கொள்கின்றன.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. உலர்த்திக் கட்டாகக் கட்டித் தீவனமாக்க வேண்டிய புல்லை, முழுத் தாளாக, மென்மையாகத் தரையில் சாய்க்க வேண்டும். துண்டாக்கினால் இலை உதிர்ந்து மண்ணோடு போகும். கட்டும் இயந்திரத்தால் வாரவும் முடியாது. அதற்குச் சிக்கிள் பார் போதும். வேகமும், சாய்ந்து கிடக்கும் அடர்ந்த புல்லில் அடைத்துக்கொள்ளாமல் ஓடுவதும் வேண்டுமென்றால் டிஸ்க் மோவர். புல் அங்கேயே தூளாகி மண்ணுக்கு உரமாக வேண்டுமென்றால் ஃப்ளெயிலின் எட்டு மடங்குச் செலவு வீண் செலவல்ல. வாங்கியது வெட்டை மட்டுமல்ல, அரைப்பையும் சேர்த்து.

முட்டினால் மடங்கும் கத்தி

டிராக்டர் இழுக்கும் புஷ் ஹாக் ரோட்டரி கட்டர் 1951இல் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் பிறந்தது. புஷ் ஹாக் நிறுவனம் தயாரித்த அந்த இயந்திரத்தின் பெயராலேயே அமெரிக்கத் தென்மாநிலங்களில் இவ்வகைக் கட்டர்கள் அனைத்தையும் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஸ்லாஷர் என்று விற்பவையும் இதே குடும்பம்தான்.

இதன் நுட்பம் கத்தி பொருத்தப்பட்ட விதத்தில் இருக்கிறது. கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு வட்டமான கிண்ண வடிவத் தகடு சுழலும். அதன் இரு விளிம்புகளிலும் ஒவ்வொரு தடித்த கத்தி, ஒரே போல்ட்டில், தொங்கலாக மாட்டப்பட்டிருக்கும். சுழலும்போது மையவிலக்கு விளைவால் கத்திகள் விறைத்து நீள்கின்றன. அடிக்கட்டையோ பாறையோ முட்டினால் மடங்கிப் பின்வாங்குகின்றன. தகடு அதன்மேல் வழுக்கி ஏறித் தாண்டிவிடும். கத்திகளைச் சவரக்கத்தி போலத் தீட்ட மாட்டார்கள். கை விரல் தடிமன் கொண்ட புதர்த் தண்டை எடையாலும் வேகத்தாலும் அடித்து முறிப்பதே அவற்றின் வேலை. எவ்வளவு தடித்த தண்டு என்பதை வைத்தே தரம் பிரிக்கிறார்கள்: இலகு ரகம் ஓர் அங்குலம் வரை, நடுத்தரம் இரண்டு, கனரகம் மூன்று அங்குலமும் அதற்கு மேலும்.

கனத்த கத்திகள் ஒரு ஃப்ளைவீல்போல ஆற்றலைச் சேமிக்கின்றன. ஆறு கிலோ எடையுள்ள இரண்டு கத்திகள் சராசரியாக நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், அவற்றிலுள்ள ஆற்றல் 15 கிலோஜூல். ஒரு டன் டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது இருக்கும் ஆற்றல் அது. பழைய டிராக்டர்களில் பி.டி.ஓ. தனியாக இயங்காது; கியர் பெட்டியோடு பிணைந்திருக்கும். அவற்றில் கிளட்சை மிதித்தாலும், சுழலும் கத்திகள் பி.டி.ஓ. வழியாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலிக்கு முன் நிற்க வேண்டிய டிராக்டர் வேலியைத் தாண்டி நிற்கும். ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்றைத் தண்டில் பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும். பழைய டிராக்டர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய பாகம் அதுதான்.

கத்தியடியில் பட்ட கல்லும் இதே வேகத்தில் கிளம்பும். முன்னும் பின்னும் சங்கிலித் தடுப்புகள் இருந்தாலும், முந்நூறு அடி, அதாவது சுமார் 90 மீட்டர் வட்டத்தில் ஆட்கள் நிற்கக் கூடாது என்று கையேடுகள் எச்சரிக்கின்றன.

வெட்டுக்கு வெட்டு எவ்வளவு இடைவெளி

ரோட்டரி கட்டர் ஓடிய இடத்தை வீட்டு முற்றமாக ஏன் யாரும் ஏற்பதில்லை? நிமிடத்துக்கு 794 சுற்று, இரண்டு கத்தி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 26 வெட்டு. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே டிராக்டர் 6 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஃபினிஷ் மோவரில் மூன்று சிறிய கத்திகள் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 2800 சுற்று அளவில் சுற்றினால், கத்தியின் இரு முனைகளும் வெட்டுவதால், நொடிக்கு 93 வெட்டு; இடைவெளி 1.8 சென்டிமீட்டர்தான். அந்தக் கத்திகளின் பின்விளிம்பு இறக்கைபோல மேலே வளைந்திருக்கும். அது காற்றை மேலே இழுத்துச் சாய்ந்த இலைகளை நிமிர்த்துகிறது. கத்தி கூர்மையாக இருந்தால் வெட்டு சுத்தமாக இருக்கும். மழுங்கியிருந்தால் இலை நுனி நார்நாராகக் கிழிந்து, நீரிழந்து, ஓரிரு நாளில் தரை முழுவதும் பழுப்பு படரும்.

இந்த நேர்த்திக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் முதல் புல்தரை வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலிழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரம் அவருக்கு முன்மாதிரி. புல்தரை என்றால் துணிபோல் சமமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் அந்த ஆலையின் வாரிசுதானோ என்று தோன்றும்.

ஃபினிஷ் மோவரின் எல்லையும் இதே காரணத்தால் வருகிறது. கத்திகள் இலகு, பெட்டி மெல்லிசு, நான்கு சிறு சக்கரங்கள் நிலத்தின் மேல் மிதக்கின்றன. வாரம் ஒருமுறை இலையில் மூன்றில் ஒரு பங்கை எடுக்கும் வேலைக்கு அது உகந்தது. முழங்கால் உயரப் புல்லிலும், மரக்கன்றிலும், கல்லிலும் விட்டால் கத்தித்தண்டு வளையும், பெல்ட் அறும்.

நடுவில் நிற்கும் ஃப்ளெயில்

ஃப்ளெயில் மோவரில் சுழலும் தண்டு கிடைமட்டமாக, நிலத்துக்கு இணையாக இருக்கும். அதில் பல பத்துச் சிறு கத்திகள் தொங்குகின்றன. புல்லுக்கு ஒய் வடிவக் கத்தி, புதருக்குச் சுத்தியல் வடிவக் கத்தி என்று மாற்றிக்கொள்ளலாம். தண்டு நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் ஓடும். ஆரம் சிறியது என்பதால் கத்தியின் வேகம் ரோட்டரியைவிடக் குறைவு. ஒவ்வொரு கத்தியும் இலகு. கல் பட்டால் தனியாக மடங்கிக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் வேலை நடப்பதால், வீசப்படும் கல் அநேகமாக உள்ளேயே அடிபட்டு விழும். சாலையோரங்களில் நெடுஞ்சாலைத் துறைகள் இதை விரும்புவதற்கு அதுவே காரணம். பின்னால் உருளும் உருளை நிலத்தின் ஏற்றத் தாழ்வை ஒட்டிப் போகும்.

ஒன்றரை அங்குலத் தண்டையும் நறுக்கும், வீட்டு முற்றத்தையும் ஓரளவு நேர்த்தியாக்கும் ஒரே இயந்திரம் வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவார்கள். விலை அதிகம், சக்தி அதிகம், வேகம் குறைவு, கத்தி மாற்ற நேரமும் அதிகம். நிலத்தில் நான்கு வகை வேலை இருந்து, பணம் ஒரே இயந்திரத்துக்குத்தான் இருக்கிறது என்றால் நியாயமான சமரசம். பத்து ஏக்கரும் ஒரே மாதிரி மேய்ச்சல் என்றால் வீண்.

டிராக்டரின் பின்னால் தொங்கும் எடை

இயந்திரத்தைத் தேர்ந்தபின் அது டிராக்டருக்குப் பொருந்துமா என்ற கேள்வி. எச்.பி. கணக்கு எளிது. ரோட்டரி கட்டருக்கு அகலத்தில் ஓர் அடிக்கு 5 எச்.பி. என்பது அங்குள்ள வழக்கு விதி, ஐந்தடிக்கு 25. இது பி.டி.ஓ. முனையில் கிடைக்க வேண்டிய அளவு. என்ஜின் மேல் எழுதியிருக்கும் எச்.பி.யில் ஒரு பகுதி கியரிலும் ஹைட்ராலிக்கிலும் கரைந்துவிடும்.

எடைக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1200 கிலோ சிறிய டிராக்டர் ஒன்று. அதில் முன்சக்கரங்களின் மேல் 480 கிலோ. பின்னச்சுக்கும் முன்னச்சுக்கும் தூரம் 1.7 மீட்டர். 250 கிலோ ரோட்டரி கட்டரைத் தூக்கினால், அதன் எடைமையம் பின்னச்சிலிருந்து அதே 1.7 மீட்டர் பின்னால் நிற்கிறது. நெம்புகோல் விதிப்படி முன்சக்கரங்கள் 250 கிலோவை இழந்து 230 கிலோவில் நிற்கும். டிராக்டரின் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் இருந்தால்தான் திருப்ப முடியும் என்ற பாதுகாப்பு விதிக்கு இது பற்றாது. முன்னால் எடைக்கட்டைகளைத் தொங்கவிட வேண்டும். 320 கிலோ ஃப்ளெயிலோ குட்டையான உடல், எடைமையம் 1.2 மீட்டரில் இருந்தால் முன்னால் 226 கிலோதான் குறையும். கனமானது, ஆனால் டிராக்டருக்கு இலேசு. சரிவில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர் காக்கும். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இல்லாமல் சரிவில் வெட்டப் போகவே கூடாது.

கட்டரை டிராக்டரின் பின்னால் தாங்கித் தூக்கும் மும்முனை இணைப்பு அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனின் கொடை. 1938இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி முடிவான உடன்பாட்டின்படி, 1939இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரில் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. 1960இல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் வழியே அதே இணைப்பு தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. 540 சுற்று என்ற பி.டி.ஓ. வேகம் 1927இல் அமெரிக்காவில் வகுத்த தரத்தின் வழிவந்தது. இந்த இரண்டும் உலகம் முழுக்கத் தரப்படுத்தப்பட்டிருப்பதால்தான் ஒரு நிறுவனத்தின் கட்டரை இன்னொரு நிறுவனத்தின் டிராக்டரிலும் மாட்ட முடிகிறது.

பி.டி.ஓ.வையும் கட்டரையும் இணைக்கும் தண்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. தண்டு 30 பாகைச் சாய்வில் ஓடினால், உள்ளே 540 சுற்று சீராக வந்தாலும், வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 468க்கும் 624க்கும் இடையே வேகம் ஏறி இறங்கும். இரு முனைகளும் ஒரே கோணத்தில், ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி அமைந்தால் இந்தத் துடிப்பு அடங்கிவிடும். மும்முனை இணைப்பின் மேல் லிங்கை முறுக்கிக் கட்டரை மட்டமாக்குவதன் பயன் இதுவும்தான். கட்டரை உயரத் தூக்கும்போது கோணங்கள் பிசகி, தண்டு அதிரத் தொடங்கும். தூக்குமுன் பி.டி.ஓ.வை நிறுத்திவிட வேண்டும். சுழலும் தண்டு நொடிக்கு ஒன்பது சுற்று. பத்து சென்டிமீட்டர் தடிமன் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை உடைந்த தண்டருகே துண்டோடும் வேட்டியோடும் போவதன் ஆபத்து இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது.

பத்து ஏக்கரை இனி பிரிக்கலாம்

ஐந்தடிக் கட்டர், மணிக்கு 6 கிலோமீட்டர், திருப்பங்களில் போகும் நேரம் கழிந்து எண்பது சதவீதம் பயன் என்றால், ஒரு மணி நேரத்தில் 1.8 ஏக்கர். பத்து ஏக்கருக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். இதையே புல்தரையாக வைத்துக்கொள்ள வாரம்தோறும் செய்வதென்றால் வாரத்தில் ஒரு நாள் டிராக்டர் இருக்கையில் கழியும். ஆண்டுக்கு இருமுறை என்றால் இரண்டு நாள்.

ஆகவே பீட்மான்டில் குடியேறியவர் நிலத்தைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் புல்தரைக்கு ஃபினிஷ் மோவர், அல்லது டிராக்டரே இல்லாமல் ஒரு சிறு புல்வெட்டி. ஆறு ஏக்கர் மேய்ச்சலில் கதிர் தட்டவும் களையை அடக்கவும் இலகு ரக ரோட்டரி கட்டர். அங்கே வெட்டிய தாள் எப்படிக் கிடந்தாலும் நஷ்டமில்லை. உலர்புல் கட்டும் ஆசை இருந்தால், வெட்டி, கிளறி, வாரி, கட்ட நான்கு இயந்திரம் வேண்டும் என்பதால், அந்த ஆறு ஏக்கரைப் பக்கத்து விவசாயியிடம் பங்குக்கு விடுவதே கட்டுப்படியாகும். மீதி மூன்று ஏக்கரை புரூம்செட்ஜ் நிலையில் நிறுத்திவைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே ரோட்டரி போதும். ஒரு கட்டர், ஒரு சிறு புல்வெட்டியில் பத்து ஏக்கரும் அடங்கிவிட்டது.

உயரமும் தேதியும்

கடைசியாக, காசு செலவில்லாத இரண்டு தேர்வுகள். ஒன்று வெட்டும் உயரம். கத்தியை ஐந்து சென்டிமீட்டரிலிருந்து பதினைந்துக்கு உயர்த்தினால், தூக்கி வீச வேண்டிய புல்லின் எடை குறைகிறது, டீசலும் குறைகிறது. கத்தி கல்லில் படுவது அரிதாகும். குருத்தடியும் போதுமான இலையும் மிஞ்சுவதால் புல் விரைவில் எழும். புல்லுக்குள் வாழும் பூச்சிகளிலும் அதிகமானவை தப்புகின்றன. சுழலும் கத்திகளைவிட, அதிலும் ஃப்ளெயிலைவிட, சிக்கிள் பார் குறைந்த பூச்சிகளையே கொல்கிறது என்று ஐரோப்பியக் கள ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புல்லை வீசும் ஆற்றல் புல்லில் இருப்பவற்றையும் விட்டுவைப்பதில்லை.

மற்றது தேதி. பாப்வைட் காடை கூடு கட்டுவது அந்த புரூம்செட்ஜ் கொத்துகளின் அடியில். வசந்தத்தில் தொடங்கிக் கோடையின் கடைசிவரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும். அந்த மாதங்களில் வெட்டினால் எந்த இயந்திரமானாலும் கூடு போய்விடும். குளிர்காலம் முடியும் தறுவாயில், ஒரு முறைக்கு ஒரு பகுதியாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டினால், ஒளிந்திருக்கும் உயிர்களுக்கு ஓட வழியும் ஒதுங்க இடமும் இருக்கும். பைன் கன்று தலைதூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும் நிலத்தில், சில மாதம் காத்திருப்பதால் காடு முந்திக்கொள்ளப் போவதில்லை. எந்த இணைப்பை வாங்கினாலும், அதை மாட்டாமல் கொட்டகையில் நிறுத்திவைக்க வேண்டிய மாதங்களையும் நிலத்துக்காரர் சேர்த்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.